நடந்து போன மரு

கால்நடை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, நாய்களுக்கு உண்ணி எடுக்கும் கருவிகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எனக்குப் பெரிய விஷயமில்லை. கருவிகளைப் பார்த்துக்கொண்டே எழுதலாம் என்று இழுப்பறையைத் திறந்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். ஐந்து வரை ஒழுங்காக எழுதினேன். ஆறாவது கருவி கைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும்.

கருவிகளைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வளைந்த மூக்குள்ள இரும்பு இடுக்கி இரண்டு, பிளாஸ்டிக் கொக்கி நான்கு. சுத்தியலின் பின்பக்கத்தில் ஆணி பிடுங்க ஒரு பிளவு இருக்குமே, அதை விரல் நகம் அளவுக்குச் சுருக்கினால் இந்தக் கொக்கி. தோலை ஒட்டிப் பக்கவாட்டில் நுழைத்து, உண்ணியின் உடம்பை நசுக்காமல், மெதுவாகச் சுற்றித் தூக்க வேண்டும். மீதியைப் படம் போட்டே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மதுரை மக்கள் கையில் நான் பார்த்த கருவிகளுக்குத்தான் படம் கிடையாது. எரிகிற ஊதுபத்தி, மண்ணெண்ணெய் நனைத்த துணி, புருவம் திருத்தும் இடுக்கி, கடைசியாக ஒருவர் கொண்டுவந்த கொசு மட்டை. அதை நாயின் முதுகில் வைத்து அழுத்தினாராம். நாய் என்ன செய்தது என்று கேட்டேன். "லேசாக் கத்துச்சு டாக்டர்" என்றார். அவருடைய முதுகில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு வேலை, அதன் பிறகு பழங்காநத்தத்தில் சொந்தமாக ஒரு சிறிய கிளினிக். இரண்டு இடத்திலும் இந்த வாயால்தான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய ஓர் இடத்தில் அந்த வாய் திறக்கவே இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழங்காநத்தத்தில் கிளினிக் திறந்த முதல் வருஷம், வங்கி அதிகாரி ஒருவர் தன் பக் நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். துண்டு முழுக்க ரத்தம். பின்னால் அவர் மனைவி அழுதுகொண்டே வந்தார். வயிற்றில் உண்ணி ஒட்டியிருந்ததாம். இணையத்தில் கொக்கி வாங்கி, வீடியோ பார்த்து, அதைப் பிடித்து இழுத்திருக்கிறார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்திருக்கிறார்.

"தலை உள்ளயே மாட்டிக்கிச்சு டாக்டர். உடம்பு மட்டும் வந்துருச்சு" என்றார்.

துண்டை விலக்கிப் பார்த்தேன். அவர் பிடுங்கியது உண்ணி இல்லை. நாயின் பால் காம்பு.

"ஆம்பளை நாய்க்கு எதுக்கு டாக்டர் காம்பு?"

"உங்களுக்கு எதுக்கு சார்?" என்றேன். அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

தையல் போட்டு அனுப்பினேன். அந்த நாய் பிழைத்துவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு எவர் கையும் வயிற்றில் பட விடவில்லை. அடுத்த சில மாதங்களில் இதே மாதிரி இன்னும் இரண்டு. ஒருவர் கண்ணிமையில் இருந்த மருவைக் கொக்கி போட்டு இழுத்திருந்தார். இன்னொருவர் ஆறிப்போன புண்ணின் பொருக்கைப் பிடுங்கியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பலகை எழுதி என் தலைக்கு மேலே மாட்டினேன். "சந்தேகம் என்றால் தொடாதே." கொக்கி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வேன். நல்ல பாடம் கற்றுக்கொண்டோம், அதை நாலு பேருக்குச் சொல்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பாடம் சரியானதுதான். அதை நான் எந்த இடத்தில் பயன்படுத்தினேன் என்பதுதான் மீதிக் கதை.

பாண்டியம்மாள் சோழவந்தான் பக்கத்து ஊர். அரசு வேலையில் இருந்தபோது அங்கே ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போய்வந்த பழக்கம். நான் பழங்காநத்தத்துக்கு வந்த பிறகு ஒருநாள், தம்பியின் சரக்கு ஆட்டோவில் நாயை ஏற்றிக்கொண்டு விசாரித்துத் தேடி வந்துவிட்டாள். நாட்டு நாய், பெட்டை, செம்மண் நிறம். பெயரும் செவலைதான். காது, கழுத்து, விரலிடுக்கு என்று உண்ணி அப்பிக்கிடந்தது.

"இம்புட்டு ஏறுற வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"திட்டுங்க டாக்டரம்மா. ஆனா இத எப்பிடியாச்சும் காப்பாத்திக் குடுங்க. எங்க வீட்டுக்காரரு உசுரே இது கையிலதேன் இருக்கு" என்றாள்.

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் கணவர் முத்திருளனுக்கு வலிப்பு நோய். மாத்திரை சாப்பிட்டாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். வேலை வெற்றிலைக் கொடிக்காலில். கொடிக்காலைப் பார்த்திருக்கிறீர்களா? அகத்தி மரங்களில் கொடி ஏறிப் படர்ந்து உள்ளே இருட்டாக இருக்கும். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாது. பாத்திக்குப் பாத்தி வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். வலிப்பு வந்து அதில் குப்புற விழுந்தால் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், ஆள் முடிந்துவிடும். வேலையை விடலாமே என்று சொல்ல முடியாது. அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்கு நின்ற குடும்பம். முத்திருளன்தான் முதன்முதலாகச் சொந்தக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

செவலை காலையில் அவரோடு உள்ளே போனால் அவர் வெளியே வரும்போதுதான் வரும். இரண்டு தடவை அவர் விழுந்தபோது வேட்டியைக் கவ்வி இழுத்துக்கொண்டே ஊரே கேட்கிற மாதிரி குரைத்திருக்கிறது. பக்கத்துக் கொடிக்காலில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள். அந்த தைரியத்தில்தான் பாண்டியம்மாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"எட்டு மணிக்கு நான் போயிட்டா மூணு மணி வரைக்கும் அவருக்கு இதுதேன் காவல். நான் இல்லேன்னா அங்க பிள்ளைக சாப்பிடாதுக டாக்டரம்மா. முட்டை வேணாம்னு அழுகுற பிள்ளையக்கூட நான் சாப்பிட வச்சிருவேன்" என்றாள். அந்தப் பேச்சின்போது மட்டும் முகம் மலர்ந்தது.

அன்றைக்கு நானும் அவளுமாக உட்கார்ந்து உண்ணி எடுத்தோம். இரண்டு தடவை செய்துகாட்டினேன், மூன்றாவதை அவள் எடுத்தாள். தோலை இழுக்காமல், அவசரப்படாமல், நாய் அசைந்தால் கையும் கூடவே அசைந்து கொடுக்கும். வெற்றிலை கிள்ளிப் பழகிய விரல்கள். என்னைவிட நன்றாக எடுக்கிறாள் என்று எனக்குப் பட்டது. வாய் விட்டுச் சொல்லவில்லை. பச்சைக் கொக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொன்னேன். உண்ணியை நசுக்கக் கூடாது, நசுக்கினால் அதன் வயிற்றில் இருக்கும் கிருமி நாயின் ரத்தத்துக்குள் போய்க் காய்ச்சலைக் கொடுத்துவிடும். பிறகு பலகையைக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சந்தேகம் வந்தா உங்களுக்குப் போனப் போட்டுர்றேன். வாரேன் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடியே மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. ஞாயிறு காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் பதினைந்து பேர். மேஜையில் வாந்தி எடுக்கிற குட்டி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"டாக்டரம்மா, நாந்தேன் பாண்டியம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டேன். காதுக்குள்ள மட்டும் ஒரு பாலுண்ணி இருக்கு. எடுத்துறவா, விட்டுறவா?"

"பாலுண்ணியா? அதத் தொடாதீங்க. அது ஒண்ணும் செய்யாது. தன்னால விழுந்துரும்."

"பெருசா இருக்குதே?"

"பெருசா இருந்தா என்ன? கொக்கியப் போட்டு இழுத்தீங்கன்னா ரத்தம் நிக்காது. போர்டுல படிச்சீங்கல்ல? விடுங்க."

"நீங்க சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டாள்.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நோட்டில் "சோழவந்தான், செவலை, காதில் மரு, விடச் சொன்னேன்" என்று எழுதிவிட்டு வாந்திக் குட்டிக்குத் திரும்பினேன். உங்களுக்கும் எனக்கும் பாலுண்ணி என்றால் மரு. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் பலகை என்னையும் தடுத்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அதே சரக்கு ஆட்டோ வந்தது. இந்தத் தடவை செவலை தானாக இறங்கவில்லை. பாண்டியம்மாளும் அவள் தம்பியும் சாக்கோடு தூக்கி வந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றார்கள். உண்ணிக் காய்ச்சல். ரத்தம் எடுத்து உறுதி செய்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"உண்ணியெல்லாம் எடுத்தாச்சுன்னீங்களே?" என்றேன்.

"ஒண்ணு விடாம எடுத்தாச்சு டாக்டரம்மா. காதுல இருந்த அந்தப் பாலுண்ணிகூட நீங்க சொன்னாப்புலயே நாலஞ்சு நாள்ல தன்னால விழுந்துருச்சு."

மரு அப்படி நாலைந்து நாளில் உதிராது.

"விழுந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. படுக்கிற சாக்குல கெடந்துச்சு. நல்லாக் குடிச்சு ஆமணக்குக் கொட்டமுத்து கணக்கா உப்பிப் போயி. நான் பாக்கப் பாக்க மெதுவா நடந்து செவுத்துப் பொடவுக்குள்ள போயிருச்சு."

அவள் குற்றம் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்னது அப்படியே பலித்ததை ஆச்சரியமாகச் சொன்னாள். நான் காதைத் திருப்பிப் பார்த்தேன். உள்மடிப்பில் சிவந்து தடித்த ஒரு புள்ளி இருந்தது. நான் மரு என்று எழுதிவைத்தது காலூன்றி நடந்து போயிருக்கிறது. ரத்தம் குடித்து வெளுத்து உப்பிப்போன பெட்டை உண்ணிக்கு அவர்கள் வீட்டில் பாலுண்ணி என்று பெயர். அது காதில் இருந்து நிம்மதியாகக் குடித்து முடிக்கட்டும் என்று அனுமதி கொடுத்தவள் நான்.

மூன்று நாள் என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். ஊசி, குளுக்கோஸ், தெரிந்தவர் வீட்டு நாயிடம் ரத்தம் எடுத்து ஏற்றியது. அந்த விவரம் உங்களுக்கு வேண்டாம். மூன்றாம் நாள் மதியம் செவலை போய்விட்டது. பாண்டியம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"நாந்தேன் கொன்னுட்டேன் டாக்டரம்மா."

"என்ன பேச்சு இது?"

"மொத வாரம் ஒரு உண்ணி எடுக்கையில கை வழுக்கி நசுங்கிருச்சு. நீங்க மூணு தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. உங்ககிட்டச் சொன்னா வைவீங்கன்னு மறைச்சுட்டேன். அதுனாலதானே?"

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தம்பி நின்றிருந்தான். தலைக்கு மேலே பலகை தொங்கியது. "இல்லைம்மா, நீ போனில் கேட்டபோது நான்தான் தப்பாகச் சொன்னேன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நான் சொன்னது வேறு.

"இருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியாது."

பொய் இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள், மருத்துவப்படி அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் காண முடியாது. எந்த உண்ணியிலிருந்து கிருமி போனது என்று எவராலும் சொல்ல முடியாது. நம் தொழிலில் உண்மையான வாக்கியங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபம். நான் அங்கே போய் ஒளிந்துகொண்டேன். நாலு பேர் முன்னால் என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, எல்லாரையும் திட்டித் திருத்துகிற நானா இப்படி என்ற ரோசம். அவள் நாயைத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு டாக்டர் இருந்தார். கெட்டிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வேலையும் மெதுவாகத்தான் செய்வார். ஆனால் அவர் நோட்டில் பக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் மாட்டுக்காரர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுவார். "வயிறு உறுமுது", "கண்ணு கலங்கிப் பாக்குது" என்றெல்லாம் இருக்கும். வலது பக்கம்தான் நம் சொல். இடது பக்கம் எழுதும்போதே "அப்படின்னா என்ன?" என்று அவர்களிடம் கேட்டுவிடுவார். நானும் சில வருஷம் கோடு போட்டேன். பிறகு நேரம் போதவில்லை, இடது பக்கம் எழுதுவது நின்றுபோனது. செவலை செத்த அன்று சாயங்காலம் நோட்டைத் திருப்பினேன். பாண்டியம்மாள் சொன்ன பாலுண்ணி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. என் சொல்தான் இருந்தது. ஒற்றைக் கேள்வி போதுமாயிருந்தது: "அதுக்குக் கால் இருக்கா பாருங்க." கேட்டிருந்தால் அவள் எண்ணியே சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் போனில் யார் எதைச் சொன்னாலும் கால் இருக்கிறதா என்று கேட்டேன். பலகையைக் கழற்றிவிட்டேன். இப்படியெல்லாம் திருந்தியதால் கணக்கு நேராகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோழவந்தான் பக்கம் மட்டும் போகவில்லை. அந்தப் பக்கத்து ஆள் யாராவது கிளினிக்குக்கு வந்தால் ஊர்ப் பெயரைக் கேட்டதும் வேறு பேச்சுக் கொடுக்காமல் மருந்தை எழுதி அனுப்பிவிடுவேன். பாண்டியம்மாளிடமிருந்து போனும் வரவில்லை. வேறு நாய் வளர்ப்பாள், அதை வேறு டாக்டரிடம் காட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் முழங்கால் ஒத்துழைக்காமல் கிளினிக்கை மூடினேன். பழைய நோட்டுகளைக் கட்டி எடைக்குப் போடும் முன் புரட்டினேன். "காதில் மரு, விடச் சொன்னேன்" என்ற வரி கண்ணில் பட்டது. அந்த நோட்டைப் பழைய காகிதக்காரரிடம் கொடுத்திருந்தால் விஷயம் எனக்குள்ளேயே முடிந்திருக்கும். ஏனோ கை வரவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

ஊரில் விசாரித்ததும் கொடிக்காலுக்கு வழி காட்டினார்கள். கொடிக்கால் முகப்பில், அகத்தி நிழலில், சாக்கு விரித்துப் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெற்றிலைக் குவியல். எண்ணி எண்ணி அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சாக்கை உதறிப் போட்டாள்.

"டாக்டரம்மா! நீங்க எங்க இம்புட்டுத் தூரம்? ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். நலம் விசாரித்தாள். பேச்சுக்கு நடுவில் திடீரென்று கொடிக்காலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க!"

உள்ளே இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருக்கேன்."

பேச்சைத் தொடர்ந்தாள். இருபது வெற்றிலை அடுக்கியிருப்பாள், மறுபடியும் "ஏங்க!" என்றாள். "இருக்கேன்." எனக்கு முதலில் புரியவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது புரிந்தது. சுற்றிலும் பார்த்தேன். நாய் எதுவும் இல்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போகலையா?" என்று கேட்டேன். அன்றைக்கு வேலை நாள்.

"அதெல்லாம் செவலை செத்த அந்த மாசமே வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். போனில் அவள் பாலுண்ணி என்றதை நான் மரு என்று எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். ரத்தம் குடித்துக்கொண்டிருந்த உண்ணியை விடச் சொன்னது நான்தான் என்றேன். எந்த உண்ணி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நசுங்கிய அந்த ஒன்றின் மேல் பழியைப் போட்டது தப்பு, அன்றைக்கே எனக்கு அது தெரியும் என்றேன். அடுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

"மருவ நாங்க மருன்னுதானே டாக்டரம்மா சொல்லுவோம்" என்றாள், மெதுவாக.

"தெரியாமப் போச்சு."

"அப்ப அது என் கையால சாகலையா?"

"உங்க கையால இல்ல. உங்க கை என் கையவிட நல்ல கை. அதையும் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெற்றிலைக் கறை ஏறிக் கறுத்திருந்தன.

"ஏன் டாக்டரம்மா அன்னைக்குச் சொல்லல?"

பஸ்ஸில் வரும்போது இதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"தங்கச்சி வீட்டுல ஒரு குட்டி குடுத்தாக. நல்ல குட்டி. வேணாம்னுட்டேன். உண்ணி எடுக்கத் தெரியாத கையி, இன்னொரு உசுரக் கொண்டாந்து அதையும் கொல்லணுமான்னு. அவரு எம்புட்டோ சொன்னாரு, நான் கேக்கல. அப்புறம் அவரத் தனியா விட முடியுமா? ஒருநாள் ரேசன் கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள வாய்க்கால்ல விழுந்து கை முறிஞ்சு போச்சு. மல்லாக்க விழுந்ததுனால பொழச்சாரு. அன்னையிலருந்து நகர்றதில்ல. நாலு வருசமா செவலை எடத்துல நாந்தேன் டாக்டரம்மா ஒக்காந்திருக்கேன்."

நாயைக் கொன்றது என் தவறு. அது அரை நிமிஷம். இந்த நாலு வருஷம் என் மௌனம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவைத்திருந்தேன், அன்றைக்குத்தான் தனித்தனியாகப் பார்த்தேன்.

"நான் ஒரு குட்டி கொண்டாந்து தாரேன். ஊசி, மருந்து எல்லாம் நானே பாத்துக்கிறேன். வாரம் ஒரு தடவ வந்து பாக்கிறேன்" என்று படபடவென்று சொன்னேன்.

"குட்டி வந்தா நான் எந்திருச்சுப் போகலாம்" என்றாள். "எங்க போக? பள்ளிக்கூடத்துல வேற ஆளப் போட்டாச்சு. அந்தப் பிள்ளைகளும் படிச்சு முடிச்சுப் போயிருச்சுக."

சாக்குக்குப் பக்கத்தில் இருந்த தூக்குப்பையில் கையை விட்டுத் துழாவினாள். துணியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் முன்னால் வைத்தாள். பச்சைக் கொக்கி. கழுவித் துடைத்து அப்படியே இருந்தது.

"உங்க சாமான். அந்தப் பக்கம் வந்தாக் குடுக்கணும்னு பையிலயே போட்டு வச்சிருந்தேன். இத வச்சுக் கொன்னோம்னு தூரப் போடவும் மனசு வரல."

வாங்கிக்கொண்டேன். அதுதான் இப்போது மேஜையில் இருக்கிற ஆறாவது.

அதற்குப் பிறகு அவள் வெற்றிலையைத் தொடவில்லை, குரலும் கொடுக்கவில்லை. வழக்கமான குரல் கேட்காததால் உள்ளே வேலை செய்த மனிதருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"பாண்டியம்மா!" என்று கொடிக்காலுக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டார். "சத்தத்தையே காணோம்? இருக்கியா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். உள்ளே கொடிகளை விலக்கிக்கொண்டு அவர் வேகமாக நடந்து வருவது கேட்டது.

"பாண்டியம்மா! இருக்கியா?"

முந்தானையை எடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இங்கனதேன் இருக்கேன். எங்க போகப் போறேன்?"